கான்செர்ட்டினா கேட்கிறவர்கள் இங்கே யாராவது உண்டா? (உலக நாட்டுப்புற இசை இழை)

பாலாற்றங்கரை (வேலூர்)

வணக்கம் நண்பர்களே. பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு, மயானக் கொள்ளை மேளம் என்று இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். இந்த இழை கடல் தாண்டிய ஒரு கருவிக்காக. பெயர் கான்செர்ட்டினா. கொஞ்ச காலமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்தால் எனக்கு இதுதான். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த காதுக்கு இது பிடிக்காமல் போகாது என்பது என் எண்ணம்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். குறுக்கே 6 அங்குலம் அளவில் அறுகோணப் பெட்டி. நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி, இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பொத்தான்கள். அக்கார்டியன் மாதிரி தோளில் மாட்ட வேண்டியதில்லை, மடியில் வைத்து வாசிக்கலாம், நின்றுகொண்டும் வாசிக்கலாம். உள்ளே சத்தம் தருவது ஆர்மோனியத்தில் இருக்கிற அதே உலோக ரீடுதான், காற்றுப் பட்டால் அதிரும் மெல்லிய நாக்கு. ஆனால் ஒவ்வொரு ரீடும் தனக்கென்று ஒரு சின்ன மர அறைக்குள் உட்கார்ந்திருப்பதால் குரல் வேறு. ஆர்மோனியம் பரந்து ஒலிக்கும். இது கூர்மையாக, கொஞ்சம் மூக்கால் பாடுகிற மாதிரி வரும்.

இதை லண்டனில் உருவாக்கியவர் சார்லஸ் வீட்ஸ்டோன். பிளஸ் டூ இயற்பியலில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று என்று படித்தோமே, அதே மனிதர். 1829-இல் ஒரு காப்புரிமை, 1844-இல் இன்னொன்று. அவருடைய வகைக்கு 'இங்கிலீஷ்' என்று பெயர். துருத்தியை இழுத்தாலும் அழுத்தினாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே சுரம். ஏறக்குறைய அதே காலத்தில், 1834-இல், ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃப்ரீட்ரிக் ஊலிக் என்பவர் வேறு வழியில் ஒன்று செய்தார். அதில் அழுத்தினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம், மவுத் ஆர்கனில் ஊதுவதும் உறிஞ்சுவதும் போல. அதை இங்கிலாந்தில் மேம்படுத்தியபோது 'ஆங்கிலோ' என்று பெயர் வந்தது.

எனக்கு உயிர் ஆங்கிலோ. வீட்ஸ்டோனின் கருவி பெரிய மனிதர்களின் கூடத்துக்கும் கச்சேரி மேடைக்கும் போனது. மலிவாக வந்த ஜெர்மன் பெட்டியோ கூலிக்காரர், கப்பல்காரர், குடியானவர் கைக்குப் போனது. கை மாறிய ஊரிலெல்லாம் அந்த ஊர்க்காரனாகவே மாறிவிட்டது. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் ஒரு மாதிரி, ஆக்ஸ்போர்டு பக்கத்துச் செங்கல் வேலைக்காரர்களிடம் ஒரு மாதிரி, தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களிடம் முற்றிலும் வேறு மாதிரி. ஒரே பெட்டிதான், மூன்று ஊர்க் குரல். உலக நாட்டுப்புற இசையைக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்டூடியோவில் சுத்தமாகப் பதிவு செய்ததைக் கொண்டு தொடங்காதீர்கள். ஆட்டக்காரர்களின் கால் சத்தத்தோடு கேளுங்கள். கிளேர்க்காரரான நோயல் ஹில்லும் அக்கார்டியன் வாசிக்கும் டோனி மக்மாஹனும் கார்க் மாவட்டத்தில் ஒரு கிராமத்து மதுக்கடையில் ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டே பதிவு செய்த இசை 1985-இல் வெளிவந்தது. பலகைத் தரையில் பூட்ஸ் தட்டுகிறது, நடுநடுவே யாரோ கூவுகிறார்கள், கான்செர்ட்டினா அந்தக் கால்களுக்குள் புகுந்து ஓடுகிறது. துருத்தி திசை மாறும்போதெல்லாம் சுரத்துக்கு ஒரு சின்ன வெட்டு விழும். அந்த வெட்டுதான் ஆட்டக்காரனைத் தூக்கிவிடுகிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், விஷயம் புரிந்துவிடும்.

கூத்துமேளம் (செய்யாறு)

அண்ணே, எழுதியிருப்பது அழகு. ஆனால் எனக்கு நெஞ்சில் ஒரு முள் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டுப் பெட்டி எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரனாகிவிட்டது என்கிறீர்கள். போன இடத்தில் ஏற்கெனவே இருந்தவன் என்ன ஆனான்? நம் வட ஆற்காட்டுக் கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூத்துக் களத்தின் பின்பக்கத்துப் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மிருதங்கம், தாளம், ஆர்மோனியம், பின்பாட்டு. முகவீணை இருந்தால் அன்றைக்கு நமக்கு அதிர்ஷ்டம். ஒரு காலத்தில் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனதே முகவீணைதான். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது அந்தச் சின்னக் குழல் எழுப்புகிற ஓலம் ஆர்மோனியத்தில் எந்தக் காலத்திலும் வராது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போகிற இடம் பெட்டியில் கிடையாதே. கட்டை இருந்தால் சுரம், இல்லையென்றால் இல்லை.

பார்சி நாடகக் கம்பெனிகளின் வழியாக ஆர்மோனியம் தமிழ் நாடக மேடைக்கு வந்தது, அங்கிருந்து கூத்துக்கும் வந்தது. கற்றுக்கொள்ளச் சுலபம், மூச்சுப் பிடிக்க வேண்டாம், ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும்வரை கை சளைக்காது. எல்லாம் சரி. ஆனால் முகவீணை வாசிக்கிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். இதை மறந்துவிட்டுத் துருத்திக் கருவியைக் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை.

ஆரணி டீச்சர் (ஆரணி)

கூத்துமேளம் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள், ஆர்மோனியத்தோடு தினமும் பழகுகிறவள். இந்தக் குறையை முதலில் சொன்னவர் நீங்கள் இல்லை தம்பி. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்தே விலக்கி வைத்தது. அப்போது சொன்ன காரணமும் இதுதான்: கமகம், அதாவது சுரத்தை வளைத்து அசைப்பது, அதில் பேசாது, நம் சுருதிகளுக்கு ஒத்துவராது. அந்தத் தடை தளர 1971 ஆயிற்று. தாகூரும் தடையின் பக்கம்தான் நின்றார்.

ஆனால் தடை இருந்த அந்த 31 ஆண்டுகளிலும் கோயில் வாசலில், பஜனை மடத்தில், கூத்துக் களத்தில் ஆர்மோனியம் பாடிக்கொண்டுதான் இருந்தது. மேலே இருப்பவர்கள் வேண்டாம் என்றார்கள், கீழே இருப்பவர்கள் விடவில்லை. அதனால் முகவீணை குறைந்ததற்கு ஆர்மோனியத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. முகவீணைக்காரருக்கு ஒரு ராத்திரிக்குக் கிடைக்கிற சம்பளம் என்ன, அவர் பிள்ளை ஏன் அந்தக் குழலைத் தொடவில்லை, அதையும் பேச வேண்டும்.

இன்னொன்று. பாலாற்றங்கரை சொன்ன 'இங்கிலீஷ்' வகையைத் தேடிப் படித்தேன். அதில் ஒரு விஷயம் என்னை உட்கார வைத்துவிட்டது. ஒரு கட்டை சுருதியை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியத்தில் ஷட்சுருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே கறுப்புக் கட்டை. நாட்டை பாடும்போதும் கரகரப்ரியா பாடும்போதும் அதே கட்டையைத்தான் தொடுகிறோம். வீட்ஸ்டோனின் 48 பொத்தான் கருவியில் அந்த இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான்! ஆரம்ப காலக் கருவிகளில் அவற்றைச் சற்று வேறு வேறு சுருதியிலேயே சேர்த்திருக்கிறார்கள். மேல்நாட்டிலும் பன்னிரண்டு கட்டைக்குள் எல்லாம் அடங்கிவிடாது என்று கவலைப்பட்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது. பிறகு எல்லாவற்றையும் சமமாக நிரவிவிட்டார்கள். பொத்தான் மட்டும் இரண்டாகவே தங்கிவிட்டது. இதைப் படித்த பிறகு அந்தக் கருவி மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது.

வாணியம்பாடி தோல்ஷாப்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் இசை தெரிந்தவன் இல்லை, கேட்பவன். ஆனால் துருத்தி என்று வந்துவிட்டால் அது எங்கள் தெருச் சமாசாரம்.

டேனரிக்கு வரும் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் தன் பழைய கான்செர்ட்டினாவை ஒரு முறை கொண்டுவந்து காட்டினார். மடிப்பு மூலைகளில் காற்று கசிந்தது. திறந்து பார்த்தேன். துருத்தியின் எலும்பு வெறும் அட்டை. அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே கீல் மாதிரித் துணியும் தோலும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்ன வைர வடிவத் துண்டு, அதுதான் உயிர்நாடி. மடிக்கும்போது அந்தத் துண்டு முழுசாக உள்ளே மடங்க வேண்டும், விரிக்கும்போது சுருக்கமில்லாமல் திறக்க வேண்டும். காகிதம் அளவுக்கு மெல்லியதாகத் தோலைச் சீவினால்தான் அது நடக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் விளிம்பு சீவுகிற ஸ்கைவிங் மெஷினில் கொடுத்துத்தான் எடுத்தேன்.

குரோம் போட்ட தோல் இதற்கு ஆகாது. மடித்துவிட்டுக் கையை எடுத்தால் எழுந்து நிற்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பழைய முறை ஆட்டுத்தோல் சொன்ன பேச்சைக் கேட்கும், மடித்த இடத்தில் மடிந்தே கிடக்கும். இந்த ஆவாரம்பட்டைத் தோல்தான் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் மதராஸிலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. ரீடுக்கு மேல் வால்வாக ஒட்டியிருக்கும் சின்ன நாக்குகளும் தோல்தான், அதற்குச் செம்மறித்தோல் இன்னும் நயம். வால்வு சுருண்டுவிட்டால் அந்தச் சுரம் தாமதமாகப் பேசும்.

வேலை முடிந்ததும் அவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தார். எங்கள் பட்டறைப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒருத்தனுக்கும் கால் சும்மா இல்லை.

பாலாற்றங்கரை (வேலூர்)

பாய், இந்த ஒரு பதிவுக்காகவே இழை தொடங்கியது நல்லதாயிற்று.

டீச்சர் அம்மா, அந்த இரண்டு பொத்தான் விஷயத்தை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. கமகம் பற்றி ஒரு சொல். கான்செர்ட்டினாவில் சுரத்தை வளைக்க முடியாது, உண்மை. அதற்குப் பதிலாக கிளேர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். நீண்ட சுரம் வரும் இடத்தில் மேல் சுரத்தைக் கண் சிமிட்டும் நேரத்துக்குத் தொட்டுவிட்டுத் திரும்புவார்கள். சில இடத்தில் ஒரே சுரத்தை இரண்டு மூன்றாகப் பிளப்பார்கள். கீழ் ஸ்தாயியில் அதே சுரத்தைச் சேர்த்துப் பிடித்து ஒரு அழுத்தம் கொடுப்பார்கள். வளைக்க முடியாத கருவி வெட்டிப் பேசக் கற்றுக்கொண்டது. குறையை வைத்தே ஒரு பாணி கட்டிவிட்டார்கள்.

கூத்துமேளம் தம்பிக்கு இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருவர் எலிசபெத் க்ரோட்டி, 1885-இல் பிறந்தவர். கிளேர் மாவட்டத்தில் கில்ரஷ் என்ற ஊரில் கணவரோடு மதுக்கடை நடத்திய அம்மா. ஊரில் எல்லோருக்கும் 'மிஸஸ் க்ரோட்டி'தான். 1950-களில் அயர்லாந்து வானொலிக்காரர்கள் ஒலிப்பதிவு வண்டியோடு ஊர் ஊராக வந்தபோதுதான் வெளியுலகம் அவரைக் கேட்டது, அதற்குள் அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கத்தில் கான்செர்ட்டினா பெரும்பாலும் பெண்கள் வாசித்த கருவி. அடுப்படியில் உட்கார்ந்து, வீட்டில் ஆட்டம் என்றால் வாசிப்பார்கள். அவருடைய வாசிப்பில் அவசரமே இருக்காது. வேகமாக வாசிக்கும் இளைஞர்களைக் கேட்டுவிட்டு அவரிடம் வந்தால் ஒவ்வொரு சுரமும் நின்று முகம் காட்டிவிட்டுப் போகும்.

இன்னொருவர் வில்லியம் கிம்பர், ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் ஹெடிங்டன் குவாரியில் செங்கல் அடுக்கும் கொத்தனார். 1899 டிசம்பர் 26. கடுங்குளிரில் கட்டட வேலை நின்றுபோய்க் கையில் காசில்லை. அதனால் ஊர்க்காரர்கள் கோடையில் ஆட வேண்டிய மோரிஸ் என்ற நாட்டுப்புற ஆட்டத்தைக் குளிர்காலத்திலேயே ஆடக் கிளம்பிவிட்டார்கள். கான்செர்ட்டினா கிம்பர் கையில். ஒரு வீட்டு வாசலில் அவர்கள் ஆடியதை ஜன்னல் வழியே பார்த்தவர் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர். மறுநாள் கிம்பரைக் கூப்பிட்டு மெட்டுகளை எழுதிக்கொண்டார். இங்கிலாந்தில் நாட்டுப்புற இசையையும் ஆட்டத்தையும் மீட்டெடுத்த பெரிய இயக்கத்துக்கு அந்தச் சந்திப்பு ஒரு முக்கியமான தொடக்கம். வேலையில்லாத கொத்தனார்களின் பசி இல்லையென்றால் அந்த மெட்டுகளில் எத்தனை மிஞ்சியிருக்குமோ. கிம்பர் வாசித்த பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. வலது கையில் மெட்டு, இடது கையில் கட்டைக் கட்டையாகச் சேர்ந்திசை. ஆடுகிறவன் எப்போது குதிப்பான், எப்போது தரைக்கு வருவான் என்பதெல்லாம் அந்த வாசிப்பிலேயே இருக்கிறது.

சத்துவாச்சாரி பையன்

அண்ணா, நான் பாண்டோனியன் வழியாக இங்கே வந்தேன். டாங்கோ கேட்பேன். அதுவும் கான்செர்ட்டினா குடும்பம்தானா?

பாலாற்றங்கரை (வேலூர்)

ஆமாம் தம்பி, பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள். ஜெர்மன் கான்செர்ட்டினாவிலிருந்து வளர்ந்தது. க்ரெஃபெல்ட் நகரத்து ஹைன்ரிக் பாண்ட் 1840-களில் விற்ற கருவி என்பதால் அவர் பெயரே நின்றது. கப்பலேறி அர்ஜென்டினா போய், பியூனஸ் அயர்ஸில் குடியேறிய ஏழைகளின் ஆட்டத்துக்குள் புகுந்தது. அங்கே அதை வாசித்த பெரிய கைகள் அனிபல் ட்ரோய்லோ, பிறகு ஆஸ்டர் பியாசோலா. பியாசோலாவை மட்டும் கேட்டிருந்தால் ட்ரோய்லோவையும் கேள். அவர் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்துகிற விதத்தில் பாடுகிறவனின் மூச்சு தெரியும்.

ரீடு என்ற சங்கதியே கிழக்கிலிருந்து போனது என்பதையும் சேர்த்துக்கொள். சீனாவின் ஷெங், லாவோஸின் கேன், இரண்டிலும் மூங்கில் குழலுக்குள் உலோக நாக்குதான். கேன் இசையை 2017-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒருவர் கேன் வாசிக்கக் கேட்டால் நான்கு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

கூத்துமேளம் (செய்யாறு)

நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டேன். மிஸஸ் க்ரோட்டி அம்மா வாசிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னை அசைத்தது அயர்லாந்து இல்லை, ஜூலு.

தோட்டம், சுரங்கம் என்று வேலை தேடி ஊரைவிட்டுப் போன ஆட்கள் நடந்துகொண்டே வாசித்த இசை. மஸ்கண்டி என்கிறார்கள். கிட்டார், வயலின், கான்செர்ட்டினா. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான்: கடையில் வாங்கிய பெட்டியை அவர்கள் அப்படியே வாசிக்கவில்லை. திறந்து, ரீடுகளை இடம் மாற்றி, சுருதியை மாற்றித் தங்கள் பாட்டுக்கு ஏற்றபடி அடுக்கிக்கொண்டார்கள். பெட்டி சொன்னபடி பாடாமல், பாட்டு சொன்னபடி பெட்டியைத் திருத்தியிருக்கிறார்கள். கேட்டால் தெரிகிறது. மேலிருந்து கீழே சரிந்து இறங்குகிற அந்தப் பாட்டு, கூடவே சுழன்று சுழன்று வரும் ஒரு சின்ன மெட்டு, நடுவில் மூச்சு விடாமல் ஒருவர் தன் குலப் பெருமை சொல்லிக்கொண்டே போகிறார். எனக்குக் கட்டியக்காரன் ஞாபகம் வந்துவிட்டது.

கூத்தில் ஆர்மோனியத்தை நாம் அப்படித் திருத்தினோமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். பெட்டியில் இல்லாத இடத்தை வேஷக்காரர் தொண்டையில் நிரப்பினார், அவ்வளவுதான். அதனால் முகவீணை விஷயத்தில் என் கட்சி மாறவில்லை. இரண்டும் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும் என்கிறேன். முகவீணை வைத்து ஆடும் குழுவை ஊருக்கு அழையுங்கள், பாரதம் வைக்கும்போது தர்மகர்த்தாவிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை உலக மேடையெல்லாம் ஏறிவந்த மண்ணில் இதைக் கேட்டு வாங்க வெட்கம் எதற்கு?

ஆரணி டீச்சர் (ஆரணி)

கேட்டு வாங்குவோம் தம்பி. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பேசுகிறேன். முகவீணைக்காரருக்குத் தனிச் சம்பளம் என்று எழுதிக் கொடுத்தால்தான் அது நடக்கும், அதையும் சேர்த்தே பேசுகிறேன்.

சத்துவாச்சாரி பையன்

அண்ணா, 20 பொத்தான் ஆங்கிலோ ஒன்று பழையதாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். என்ன வாசிப்பது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தபோது மோகனம் வந்தது! வலது கைப்பக்கம் 'சி' வரிசையில் முதல் பொத்தானை அழுத்தினால் ஸ. இரண்டாவதை இழுத்தால் ரி, அழுத்தினால் க. மூன்றாவதை அழுத்தினால் ப. நாலாவதை இழுத்தால் த, அழுத்தினால் மேல் ஸ. நான்கே பொத்தான். ரி-யும் த-வும் மட்டும் இழுப்பில் வருவதால் ஆரோகணம் தானாகவே ஆடுகிறது. ஆனால் சில பொத்தான்கள் தாமதமாகப் பேசுகின்றன, ஒன்று பேசவே இல்லை. 30 பொத்தானுக்கு மாற வேண்டுமா?

பாலாற்றங்கரை (வேலூர்)

இப்போதே வேண்டாம். 20-இல் இரண்டு வரிசை, சி-யும் ஜி-யும். மோகனம், சுத்த சாவேரி, சங்கராபரண மெட்டுகள், நம் கும்மிப் பாட்டு, தெம்மாங்கு எல்லாவற்றுக்கும் தாராளம். மூன்றாவது வரிசை அரைச் சுரங்களுக்கு. அது தேவைப்படும் நாளில் உனக்கே தெரியும். ஒன்று மட்டும் செய்: பொத்தானை அழுத்தாமல் துருத்தியை இழுக்காதே, ஓரத்தில் இருக்கிற காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டு திற. நம் ஊர் கத்திரி வெயிலில் பரண்மேல் வைத்துவிடாதே. மரம் சுருங்கினால் ரீடுப் பலகை தளர்ந்து ஒரு அறையின் காற்று பக்கத்து அறைக்குக் கசியும்.

பேசாத ரீடுக்குப் பெரும்பாலும் தூசிதான் காரணம். பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, ரீடுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய காகிதத்தை நுழைத்து மெதுவாக இழு. ஊசி, பிளேடு எதுவும் வேண்டாம், ரீடில் கீறல் விழுந்தால் சுருதி போய்விடும்.

வாணியம்பாடி தோல்ஷாப்

தம்பி, தாமதமாகப் பேசுவது வால்வு. காகிதம் போட்டுப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. செம்மறித்தோல் சீவி வைத்தது மிச்சம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், மற்ற நாள் எப்போது வேண்டுமானாலும் வா. வேலை முடிந்ததும் அந்த மோகனத்தைப் பையன்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

சத்துவாச்சாரி பையன்

சனிக்கிழமை வருகிறேன் பாய். கூத்துமேளம் அண்ணா, நீங்களும் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், காட்பாடியில் ரயில் ஏறிச் சேர்ந்தே போகலாம்.